மிளகுப் பொடியிலிருந்து உப்புநீர் வரை: நாய்க் கண் மருத்துவத்தின் கதை

வெளியே சுற்றிவிட்டு வந்த நாய் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, முன்னங்காலால் முகத்தைத் தேய்ப்பது, நாயை வளர்க்கத் தொடங்கிய நாளிலிருந்து மனிதர்கள் பார்த்துவரும் காட்சி. காரணம் அதன் நடையிலேயே இருக்கிறது. மோப்பம் பிடிக்கும் நாய் தலையைத் தாழ்த்திக்கொண்டு புதருக்குள் நுழைகிறது. புழுதி, மகரந்தம், முள் நுனி, காய்ந்த புல்லின் கூரிய விதை எல்லாம் அதன் கண் மட்டத்திலேயே காத்திருக்கின்றன. ஊகம்புல் மண்டிய கரம்பு நிலத்தில் நாயோடு நடந்தவர்களுக்கு இது தெரியும். நாயுருவிக்கு அந்தப் பெயர் வந்ததே, கடந்துபோகும் நாயின் மயிரில் அதன் விதை தொற்றிக்கொள்வதால்தான் என்று சொல்வோரும் உண்டு.

இயற்கை ஒரு காப்பையும் கொடுத்திருக்கிறது. மேல் இமை, கீழ் இமை தவிர நாய்க்கு மூன்றாவதாக ஓர் இமை உண்டு. மூக்கை ஒட்டிய உள்மூலையிலிருந்து குறுக்காக வந்து விழியைத் துடைத்துவிட்டுத் திரும்பும் சவ்வு அது. அதன் அடியில் உள்ள சுரப்பி, கண்ணீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் சுரக்கிறது. தூசியைத் தள்ளுவதற்கு இது போதும். புல் விதைக்குப் போதாது. விதையின் மேலுள்ள நுண்முட்கள் பின்பக்கம் சாய்ந்திருப்பதால் அது முன்னே மட்டும் நகரும். மூன்றாம் இமைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டால், இமை அசையும் ஒவ்வொரு முறையும் கருவிழியைக் கீறிக்கொண்டே இருக்கும். இந்தச் சவ்வைச் சரியாகப் புரிந்துகொள்ள மருத்துவத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிடித்தன.

பழைய கிரேக்கர்கள் நாயின் கண்ணைப் பற்றி நிறையவே எழுதினார்கள். ஆனால் மருத்துவத்துக்காக அல்ல, நாயைத் தேர்ந்தெடுப்பதற்காக. கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செனபோன் தம் வேட்டை நூலில் நாய்களின் குறைகளைப் பட்டியலிடும்போது கண் சிமிட்டும் நாயையும் அதில் சேர்க்கிறார். கண்ணை இடுக்கும் நாய் அவருக்குக் கழிக்க வேண்டிய நாய். அது பிறவிக் குறையா, நேற்றைய வேட்டையில் கண்ணில் ஏறிய முள்ளா என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அதே தலைப்பில் எழுதிய ஆரியன், தாம் வளர்த்த ஓர்மே என்ற பெட்டைநாயின் சாம்பல் நிறக் கண்களைப் பாசத்தோடு வருணிக்கிறார். கண்ணின் நிறத்தை வைத்து நாயின் தரத்தை வரிசைப்படுத்தவும் செய்கிறார். நோய்க்கு மருந்து தேடுவோருக்கு இந்த நூல்களில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

மருந்து தேடுவோர் 14ஆம் நூற்றாண்டுக்கு வர வேண்டும். பிரான்சின் தென்மேற்கே, பிரனே மலையடிவாரத்தில் ஃபுவா நாட்டுப் பிரபுவாக இருந்த காஸ்தோன் ஃபேபுஸ், 1387இல் வேட்டையைப் பற்றிய தம் பெருநூலை எழுதத் தொடங்கினார். நாய்களின் நோய்களுக்கும் அவற்றைத் தீர்க்கும் வழிகளுக்கும் அதில் தனிப் பகுதியே உண்டு. பாரிஸின் தேசிய நூலகத்தில் உள்ள 15ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் படியொன்றில், கொட்டில் ஆட்கள் நாய்களைப் பிடித்து ஒவ்வொன்றாகச் சோதித்து மருந்திடும் காட்சி வண்ண ஓவியமாக இருக்கிறது. ஐரோப்பாவின் இடைக்கால ஓவியங்களில் இவ்வளவு அன்றாடத் தன்மை கொண்டவை குறைவு. கொட்டில் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் ஃபேபுஸ் விடவில்லை: நாள்தோறும் புது வைக்கோல், காலையில் வைக்கோல் பிரியால் உடலைத் தேய்த்துவிடுதல், நனைந்து வந்த நாய்கள் காய்வதற்கு ஒரு கணப்பு, சண்டை மூளாமல் இருக்க இரவும் பகலும் கூடவே இருக்கும் ஒரு சிறுவன். இன்றைய கண்ணோடு பார்த்தால், அவர் சொன்ன எந்தக் கண் மருந்தையும்விட அந்தப் புது வைக்கோல்தான் நாய்களின் கண்களைக் கூடுதலாகக் காத்திருக்கும்.

இங்கிலாந்து அரசர் 4ஆம் ஹென்றியின் வேட்டைத் தலைவராக இருந்த யார்க் கோமகன் எட்வர்டு, 1406க்கும் 1413க்கும் இடையில் இந்த நூலை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தம் குறிப்புகளையும் சேர்த்தார். இரண்டே ஆண்டுகளில், 1415இல், அஜின்கூர் போரில் அவர் மாண்டார். நூல் பிழைத்தது, அதனோடு அந்தக் கண் மருத்துவமும் பிழைத்தது.

அது சொல்லும் நோய் இரண்டு வகை. ஒன்று, கண்ணின் மேல் படரும் திரை. தமிழில் 'கண்ணில் பூ விழுந்தது' என்கிறோமே, அதுதான். மற்றொன்று, கண்ணின் ஓரத்திலிருந்து வளர்ந்து வரும் சதை. அதன் வடிவத்தைப் பார்த்து 'நகம்' என்று பெயரிட்டிருந்தார்கள். எல்ம் மரத்தின் இலையும் பட்டையும் சேர்த்துக் கட்டிய மாலையை நாயின் கழுத்தில் போட்டு, அது காயும்போது நகமும் போய்விடும் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். அதனால் பெரிய பயன் இல்லை என்று நூலே சொல்லிவிடுகிறது. அது பரிந்துரைக்கும் மருந்து வேறு: செலண்டைன் என்ற செடியின் மஞ்சள் சாற்றோடு இஞ்சிப் பொடியும் மிளகுப் பொடியும் கலந்து நாளுக்கு மூன்று வேளை கண்ணுக்குள் இட வேண்டும். ஒன்பது நாள் இப்படிச் செய்ய வேண்டும். மருந்திட்ட பின் வெகுநேரம் நாய் கண்ணைப் பிறாண்டவோ தேய்க்கவோ விடக் கூடாது.

செலண்டைனுக்கு அந்தப் பெயர் ஒரு பறவையால் வந்தது. கிரேக்க மொழியில் 'கெலிதோன்' என்றால் தகைவிலான் குருவி. தன் குஞ்சின் கண்ணை அந்தக் குருவி இந்தச் செடியால்தான் குணப்படுத்துகிறது என்பது பழங்கால ஐரோப்பியரின் நம்பிக்கை. கண் மருந்தாக அது நுழைந்தது அந்தக் கதையின் தயவில்தான். மிளகு வந்த வழி இன்னும் நீளமானது. அந்தக் காலத்து ஐரோப்பாவின் மிளகில் பெரும்பகுதி மலபார்க் கரையில் விளைந்து, அரபு வணிகர் கையும் வெனிஸ் வணிகர் கையும் மாறிப் போனது. கொடுங்கல்லூர்ப் பக்கத்துக் கொடியில் காய்த்தது பிரனே மலையடிவாரத்து நாயின் கண்ணில் போய் விழுந்திருக்கலாம். பலன் என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. மிளகுக் காரத்தில் கண்ணீர் பெருக்கெடுக்கும். சில்லறைத் தூசி இருந்திருந்தால் அந்தக் கண்ணீரே கழுவிவிட்டிருக்கும். கருவிழியில் ஏற்கெனவே கீறல் இருந்த நாயின் பாட்டைத்தான் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

'நகம்' முற்றிப்போனால் என்ன செய்வது என்பதற்கும் வழி சொல்லப்பட்டிருக்கிறது: ஊசியைக் கொக்கியாக வளைத்து, சதையைக் கொளுவி மேலே இழுத்து, சவரக்கத்தியால் அறுத்துவிட வேண்டும்; ஊசி விழியில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்கள் நகம் என்று கண்டது பெரும்பாலும் வீங்கிய மூன்றாம் இமையாகவோ, அதன் அடியிலிருந்து பிதுங்கி வெளிவந்த சுரப்பியாகவோ இருக்க வேண்டும். மயக்க மருந்து இல்லாத காலம். அறுவை முடிந்து நாய் உயிரோடு எழுந்திருக்கலாம். கண்ணீரின் ஒரு பங்கை அது இழந்துவிட்டது என்பது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த மூன்று நூற்றாண்டுகளில் பெரிய மாற்றம் இல்லை. வேட்டை நூல்கள் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டன. மருந்துகளும் அப்படியே கைமாறின. 1761இல் லியோனில் குளோது பூர்ழெலா ஏற்படுத்திய கால்நடை மருத்துவப் பள்ளி, உலகில் அவ்வகையில் முதலாவது. பாரிஸை அடுத்த ஆல்ஃபோர்ப் பள்ளி சில ஆண்டுகளில் வந்தது. லண்டன் பள்ளி 1791இல். இவை எல்லாவற்றுக்கும் முதல் கவலை குதிரையும் மாடும். படையும் உழவும் அவற்றை நம்பி இருந்தன. நாய் பின்வரிசையில்தான் நின்றது.

நாயை முன்வரிசைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் லண்டனின் டெலபியர் பிளேய்ன். நாய் நோய்களைப் பற்றி அவர் 1817இல் வெளியிட்ட நூலே அத்துறைக்கு அடித்தளம். அவரோடு சேர்ந்து தொழில் செய்த வில்லியம் யூவாட், நாயைப் பற்றிய தம் நூலை 1845இல் கொண்டுவந்தார். இந்தக் காலத்து மருந்து அலமாரியில் மிளகின் இடத்தை உலோக உப்புகள் பிடித்திருந்தன: துத்தநாக சல்பேட், வெள்ளி நைட்ரேட், படிகாரம், எல்லாவற்றுக்கும் மேலாக ஈயம். மான்பெல்லியே நகர அறுவை மருத்துவர் தோமா கூலார் 18ஆம் நூற்றாண்டில் பரப்பிய ஈய அசிடேட் நீர், மனிதர் கண்ணுக்கும் விலங்கின் கண்ணுக்கும் பொது மருந்தாக இருந்தது. சிவந்த கண்ணில் விட்டால் குளிர்ச்சி தந்து சிவப்பை அடக்கும். அதனால் அதற்கு நல்ல பெயர். கருவிழியில் புண் இருந்தால் ஈயம் அந்தப் புண்ணிலேயே படிந்து வெள்ளைத் தழும்பாக நின்றுவிடும். நாய்க்குக் கண்ணில் பூ விழுந்தது என்று நினைத்தவர்கள் பலர், தாங்கள் விட்ட மருந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1854இல் எட்வர்டு மேயூ வெளியிட்ட நாய் பராமரிப்பு நூல் இந்தப் போக்குக்கு எதிர்க்குரல். நாயின் இயல்பான குணத்தை எண்ணிப் பார்த்து வகுத்த புதிய சிகிச்சை முறை என்று அதன் துணைத்தலைப்பே அறிவித்தது. கடும் மருந்துகளால் நாய்களை வதைப்பதை அவர் சாடினார்.

அந்தக் காலத்து மருத்துவர்களைக் குழப்பிய இன்னொன்றும் உண்டு. வெளியே போய்வந்த நாயின் கண்ணில் பீளை கட்டுவதெல்லாம் தூசியால் வருவதல்ல. கண்ணும் மூக்கும் ஒழுகத் தொடங்கி, காய்ச்சல் கண்டு, பிறகு வலிப்பில் முடியும் டிஸ்டெம்பர் நோய் ஐரோப்பிய வேட்டைக் கொட்டில்களைக் காலி செய்துகொண்டிருந்தது. அம்மைத் தடுப்பு முறையால் புகழ்பெற்ற எட்வர்டு ஜென்னரே இந்த நோயைக் கவனித்து 1809இல் விவரித்திருக்கிறார். இதற்குக் காரணம் வைரஸ்தான் என்று பிரெஞ்சுக்காரரான ஆன்றி காரே 1905இல் காட்டினார். தடுப்பூசி வர 1920களின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை, காற்றில் ஓடியதால் கண் சிவந்திருக்கிறது என்று நினைத்து ஈயநீர் விட்டுக்கொண்டிருந்த கொட்டில் ஆட்கள் ஒரு மாதத்துக்குள் கொட்டிலில் பாதியை இழந்திருக்கக்கூடும்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் நாயே மாறத் தொடங்கியது. 1859இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873இல் கென்னல் கிளப் அமைந்தது. கண்காட்சிக்கென்று முகத்தைக் குட்டையாக்கும் வளர்ப்பு வேகம் பிடித்தது. 1860இல் பீக்கிங்கின் கோடை அரண்மனை சூறையாடப்பட்டபோது எடுத்துவரப்பட்ட பீக்கினீஸ் நாய்களில் ஒன்று விக்டோரியா அரசிக்குக் கொடுக்கப்பட்டது. சூறையில் கிடைத்ததால் அதற்கு 'லூட்டி' என்றே பெயர் வைத்தார்கள்; நம் மொழிகளிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்ட 'லூட்' என்ற சொல்தான் அது. பீக்கினீஸ், பக் போன்ற இனங்களின் கண்குழி ஆழமற்றது; விழி பிதுங்கி நிற்கும்; இமைகள் முழுதாக மூடுவதும் கடினம். இவற்றுக்குப் புதரும் வேட்டையும் வேண்டியதில்லை. தோட்டத்து ரோஜாச் செடியே போதும் கண்ணைக் கிழிக்க.

கண்ணைப் பார்ப்பதற்கான கருவிகள் வந்ததும் இதே காலத்தில்தான். 1851இல் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுள்நோக்கியை அறிமுகப்படுத்தினார். 1884இல் வியன்னாவின் கார்ல் கோலர், கோகெய்ன் கரைசல் விழியை மரத்துப்போகச் செய்யும் என்று கண்டார். தவளையில் தொடங்கி, முயலிலும் நாயிலும் பார்த்துவிட்டு, பிறகு தம் கண்ணிலேயே விட்டுச் சோதித்தார். வலியில் இமையை இறுக மூடிக்கொள்ளும் நாயின் கண்ணைத் திறந்து பார்க்க, அதுவரை நாலு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு சொட்டில் கண் தானே திறந்துகொண்டதும் மூன்றாம் இமையைத் தூக்கி அதன் பின்னால் தேடுவது எளிதாயிற்று.

எல்லாவற்றிலும் பெரிய உதவி ஒரு சாயத்திடமிருந்து வந்தது. 1871இல் அடால்ஃப் ஃபன் பேயர் தயாரித்த ஃபுளுரசீன், ஆரஞ்சு நிறத் தூள். நீரில் கரைந்தால் பச்சையாக ஒளிரும். கருவிழியின் மேல்தோல் முழுதாக இருந்தால் இந்தச் சாயம் ஒட்டாமல் வழிந்துவிடும். கீறல் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஊறிப் பச்சைக் கோடாக நிற்கும். 1880களிலேயே கண் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஒரு சிக்கல் மட்டும் நீடித்தது: புட்டியில் கரைத்து வைத்த சாயத்தில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா செழித்து வளரும், கீறலைக் கண்டுபிடிக்க விட்ட சொட்டே கண்ணை அழித்துவிடும். 1951இல் சாமுவேல் கிமுரா காகிதக் கீற்றில் சாயத்தை உலர்த்திப் பயன்படுத்தும் முறையைக் கொண்டுவந்த பிறகே அந்த அபாயம் தீர்ந்தது. இன்று கால்நடை மருத்துவமனைகளில் கண் சிவந்த நாய்க்கு வழக்கமாக எடுக்கப்படுவது அந்தக் காகிதக் கீற்று.

அதே ஆண்டுகளில் கார்ட்டிசோன் வகை ஸ்டீராய்டு மருந்துகள் சந்தைக்கு வந்தன. அதனால் சாயத்தின் மதிப்பு இன்னும் கூடியது. சிவந்த கண்ணில் ஸ்டீராய்டுச் சொட்டு விட்டால் ஒரே நாளில் சிவப்பு மறையும். ஆனால் கருவிழியில் கீறல் இருந்தால் அது ஆறுவதை ஸ்டீராய்டு தடுக்கும். புண் ஆழமாகி விழி ஓட்டையாகும் அளவுக்குப் போகும். மனிதருக்கு வாங்கிய சொட்டு மருந்தை வீட்டு நாய்க்கும் விடும் வழக்கம் இந்த வகையில் இன்றும் கண்களைப் பறித்துக்கொண்டிருக்கிறது. கூலாரின் ஈயநீர் செய்த அதே வேலை: சிவப்பை மறைத்து, புண்ணை வளர்ப்பது.

வீட்டு மருந்துப் பெட்டியில் இதற்கிடையே போரிக் அமிலம் வந்து அமர்ந்திருந்தது. ஜோசப் லிஸ்டர் 1870களில் அதைக் கிருமிநாசினியாகப் பயன்படுத்திய பிறகு, மனிதருக்கும் நாய்க்கும் கண் கழுவ இதுவே எல்லோரும் நாடிய மருந்தாயிற்று. பஞ்சை அந்த நீரில் நனைத்து உள்மூலையிலிருந்து வெளியே துடைப்பது இரண்டு தலைமுறை நாய் வளர்ப்போரின் கைப்பழக்கம். காரமில்லாதது, ஈயத்தைப் போல் படியாது. ஆனால் கிருமியைக் கொல்லும் திறன் சொற்பம், வீட்டில் கரைக்கும்போது அளவு தவறும், நாய் நக்கினால் வயிற்றுக்குள் போகும். மருத்துவர்கள் மெல்ல மெல்ல 0.9 விழுக்காடு உப்பு கலந்த சுத்த நீருக்கு வந்து சேர்ந்தார்கள். கண்ணீரின் உப்புத்தன்மையும் ஏறத்தாழ அதுவே என்பதால் அது எரியாது. மிளகில் தொடங்கிய பயணம் நாயின் சொந்தக் கண்ணீருக்கு நெருக்கமான ஒன்றில் வந்து நிற்க ஐந்தரை நூற்றாண்டுகள் ஆயின.

உப்புநீரால் கழுவிப் போக்க முடியாத ஓர் உறுத்தலும் உண்டு. அதன் வரலாறு பிரிவினைக்கு முந்திய இந்திய மண்ணில் தொடங்குகிறது. 1910இல் ஆல்ஃபோர்ப் பள்ளியின் அல்சீது ராயியேவும் அவருடைய சக ஆய்வாளர் ஆன்றியும், ராவல்பிண்டியில் ஒரு நாயின் மூன்றாம் இமைக்கு அடியிலிருந்து எடுத்து அனுப்பப்பட்ட வெள்ளைப் புழுவை ஆராய்ந்து 'தெலேசியா கலிப்பீடா' என்று பெயரிட்டார்கள். ஒன்றரை சென்டிமீட்டர் அளவில், நூல் துண்டு போலிருக்கும் அது விழியின் மேல் நெளியும். தோலில் உள்ள நுண்வரிகள் கருவிழியை அரம் போல் உராயும். சீனாவில் 1917இல் மனிதர் கண்ணிலும் அது காணப்பட்டது. நாய் எங்கிருந்து இதை வாங்கிவந்தது என்பது நெடுங்காலப் புதிர். பழ ஈக்களின் உறவான, கண்ணீரைக் குடிக்கும் ஒருவகை ஈயே இதைப் பரப்புகிறது. அதிலும் ஆண் ஈதான். இத்தாலியின் பாரி பல்கலைக்கழகத்தார் 2000களில் செய்த ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தின. ஆசியப் புழு என்றே கருதப்பட்டது 1989இல் இத்தாலிய நாய்களில் தென்பட்டது. அதன் பின் ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பரவிவிட்டது. கோடையில் காட்டுப்பாதையில் உலாவி வரும் நாய்தான் அங்கே இதற்கு முதல் இரை.

கண்ணுக்குள் போன பின் கழுவுவதைவிடப் போகாமல் தடுப்பது மேல் என்ற எண்ணம் பிந்தியே வந்தது. கார் வந்த பிறகு, ஓடும் வண்டியின் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டும் நாய் ஒரு புதிய நோயாளி ஆயிற்று. 1997இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட 'டாகிள்ஸ்' என்ற நாய்க் கண்ணாடியை முதலில் வேடிக்கைப் பொருளாகவே பார்த்தார்கள். இராக்கின் மணற்புயலில் அமெரிக்கப் படைநாய்கள் அதை அணிந்தபோது சிரிப்பு நின்றது. 2001 செப்டம்பரில் கோபுரங்கள் தகர்ந்த நியூயார்க்கின் இடிபாடுகளில் உயிரைத் தேடிய மீட்பு நாய்களுக்கு நேர்ந்த சிறு உபாதைகளில் கண் உறுத்தலும் ஒன்று. சிமெண்டும் கண்ணாடியும் கலந்த அந்தத் தூசியை உப்புநீரால் கழுவுவதும் அவற்றுக்கான கவனிப்பில் ஒரு பகுதியாக இருந்தது.

மூன்றாம் இமையின் வழக்கு கடைசியாகத்தான் தீர்ந்தது. பிதுங்கி வரும் சுரப்பியை, செர்ரிப் பழம் போல் இருப்பதால் 'செர்ரிக் கண்' என்று அழைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டிலும் வெகுகாலம் அதை வெட்டி எறிவதே வழக்கம். ஊசிக் கொக்கி போய்க் கத்தரிக்கோல் வந்ததைத் தவிர ஃபேபுஸின் காலத்துக்கும் இதற்கும் வேறுபாடு குறைவு. சுரப்பி வெட்டப்பட்ட நாய்களில் பல சில ஆண்டுகள் கழித்துக் கண் வறண்டு, ஒட்டும் பீளையோடு திரும்பி வந்தன. 1903இல் ஓட்டோ ஷிர்மர் மனிதருக்காகக் கண்டுபிடித்த காகிதக் கீற்றுச் சோதனையை நாய்க்குச் செய்து பார்த்தபோது விடை கிடைத்தது. நலமான கண் ஒரு நிமிடத்தில் 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் காகிதத்தை நனைக்கும். இந்த நாய்களின் கண்கள் அதை எட்டவில்லை. வெளியே போய்வந்த பின் ஓயாமல் உறுத்துகிறது, தூசி ஒவ்வாமை என்று எழுதப்பட்ட பல கண்களும் உண்மையில் கண்ணீர் வற்றிய கண்கள் என்பது அப்போது விளங்கிற்று. இன்று பெரும்பாலும் சுரப்பியை வெட்டுவதில்லை. உள்ளே திணித்துத் தைக்கிறார்கள்.

வற்றிய கண்ணுக்கு மருந்து 1980களில் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. கால்நடைக் கண் மருத்துவர் ரெனே காஸ்வான், உறுப்பு மாற்று நோயாளிகளுக்குத் தரப்படும் சைக்ளோஸ்போரினை நாயின் கண்ணில் இட்டபோது கண்ணீர் மீண்டும் சுரப்பதைக் கண்டார். நாய்களுக்கான கண் களிம்பாக அது 1995இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது. அதே மருந்தின் சொட்டுக்கு, மனிதரின் வறண்ட கண்ணில் விட, 2002 டிசம்பரில்தான் அனுமதி கிடைத்தது.